பத்து நாள் பயிற்சியும் அதன் பிறகும்

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் 2012-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள், வன்முறையைக் கண்ணால் கண்டவர்கள், வன்முறைக்குத் தாங்களே ஆளானவர்கள் என 5 முதல் 18 வயது வரையிலான 257 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது என்று மனவடுவின் அறிகுறிகள் எல்லோரிடமும் இருந்தன. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தப் பகுதியில் வழக்கமாகக் கிடைக்கும் ஆதரவுச் சேவைகள் கிடைத்தன. மீதிப் பேருக்கு மனவடுவுக்கென்றே உருவாக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சை 10 முதல் 16 அமர்வுகள் வரை கிடைத்தது. முடிவில், முதல் பிரிவினரின் அறிகுறிகள் சராசரியாக 21 விழுக்காடு குறைந்திருந்தன. சிகிச்சை பெற்றவர்களுக்கு 82 விழுக்காடு குறைந்திருந்தன.

இந்த வேறுபாடே பெரிது. அதைவிடப் பெரிய வியப்பு, சிகிச்சை அளித்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. அவர்களில் யாரும் மனநல மருத்துவர் இல்லை. அந்தந்தப் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்த, மனநலத் துறையில் பட்டம் எதுவும் பெறாத சாதாரண மனிதர்கள் அவர்கள். அமெரிக்காவில் முதுகலைப் படிப்பும் உரிமமும் பெற்றவர்கள் செய்யும் அதே சிகிச்சையை அவர்கள் லுசாகாவின் நெரிசலான குடியிருப்புகளில் செய்து முடித்தார்கள்.

உலகில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அத்தனை பேருக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்கு மருத்துவர்கள் எந்த ஏழை நாட்டிலும் இல்லை. பணக்கார நாடுகளிலும் போதவில்லை. அதனால் இந்தச் சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. இதை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும் என்றால், எப்படி?

தானாக எழும் எண்ணங்கள்

லுசாகாவில் அளிக்கப்பட்டது, சி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் ஒரு வகை. அதன் வேர்களில் ஒன்று பிலடெல்பியாவில் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக் உளப்பகுப்பாய்வு மரபில் பயின்றவர். மனச்சோர்வு என்பது ஒருவர் தன்மீதே திருப்பிக்கொண்ட கோபம் என்று அந்த மரபு சொல்லிவந்தது. 1960-களின் தொடக்கத்தில், நோயாளிகள் சொல்வதைக் கூர்ந்து கவனித்த பெக்குக்கு வேறொன்று தென்பட்டது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'இவருக்கு என்னோடு பேசச் சலிப்பாக இருக்கும்', 'இனி எதுவும் மாறாது' என்று நொடியில் தோன்றி மறையும் எண்ணங்கள் அவை. நோயாளிகள் அவற்றை எண்ணங்களாகவே கருதவில்லை. உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். 2021-இல், நூறாவது வயதில் இறக்கும்வரை பெக் இந்தக் கண்டுபிடிப்பை விரித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பள்ளி வாசலில் தோழி தன்னைப் பார்க்காமல் போய்விடுகிறாள். 'என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்ற எண்ணம் உடனே வந்துவிடுகிறது. மனம் சோர்கிறது. மாலை விளையாட்டுக்குப் போகாமல் அறைக்குள்ளேயே படுத்துக்கொள்கிறாள். நான்கு நாள் இப்படிப் போனால் தோழிகளும் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். முதலில் வெறும் ஊகமாக இருந்தது இப்போது நிஜமாகிவிடுகிறது.

இந்தச் சங்கிலியை சி.பி.டி. இரண்டு இடங்களில் உடைக்கிறது. ஒன்று, எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணையே ஆராயவைப்பது. மற்றொன்று, மனம் சரியாகட்டும் என்று காத்திராமல் சின்னச் சின்னச் செயல்களை முதலில் தொடங்கவைப்பது. பத்து நிமிட நடை, ஒரு தோழிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று திட்டமிட்டு, செயலுக்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். செயல் முந்திக்கொண்டால் மனநிலை பின்னாலேயே வருவதை அந்தக் குறிப்பேட்டில் அவளே பார்த்துத் தெரிந்துகொள்கிறாள்.

இதன் பலன் ஒரே நாளில் வந்துவிடாது. அமெரிக்காவில் மனச்சோர்வுற்ற 439 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2004-இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில், ஃப்ளூவாக்ஸ்டீன் மருந்தும் சி.பி.டி.யும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் இது 61 விழுக்காடு, சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 43 விழுக்காடுதான். ஆனால் 36-ஆவது வாரத்தில் பார்த்தபோது சி.பி.டி. மட்டும் பெற்றவர்கள் மருந்து மட்டும் பெற்றவர்களை எட்டிப் பிடித்திருந்தார்கள். இரு பிரிவிலும் 81 விழுக்காடு. பேச்சுவழிச் சிகிச்சை என்பது ஒரு திறமையைப் பழகிக்கொள்வது. அதற்குக் காலம் பிடிக்கும். நோயாளிக்குப் பொருந்தும் இந்த உண்மை சிகிச்சையாளருக்கும் பொருந்தும்.

சொல்ல முடியாததைச் சொல்லவைப்பது

மனவடுவுற்ற பிள்ளைகளுக்கான சி.பி.டி.யை உருவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடித் கோஹன், ஆன்டனி மானரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவர். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்காகக் கோஹனும் மானரினோவும் சேர்ந்தும், டெப்ளிங்கர் தனியாகவும் செய்துவந்த பணிகள் பின்னர் ஒன்றாகச் சேர்ந்தன. லுசாகாவில் அளிக்கப்பட்டது இவர்களுடைய முறைதான்.

அதில் படிகள் உண்டு. நடந்தது என்ன, அதற்குப் பிறகு உடலும் மனமும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் முதலில் விளக்குவார்கள். அடுத்து, பதற்றத்தைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி. பிறகு உணர்வுகளுக்குப் பெயர் சொல்லிப் பழகுவது, எண்ணத்துக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுகொள்வது. இவ்வளவும் ஆன பின்புதான் நடுப்பகுதி வரும். நடந்த கொடுமையைப் பிள்ளை தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். எழுதலாம், படமாக வரையலாம். முதல் நாள் அதன் ஓரத்தைத் தொட்டால் போதும். வாரம் போகப்போக உள்ளே செல்வார்கள். இறுதியில், நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடம் பிள்ளை அந்தக் கதையைப் பகிர்ந்துகொள்ளும்.

இது ஏன் பலன் தருகிறது? கொடிய நினைவு வரும்போதெல்லாம் மனம் அதைத் தள்ளிவிடுகிறது. தள்ளிய நேரத்தில் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே 'இந்த நினைவு ஆபத்தானது' என்ற பாடத்தை இன்னும் ஆழமாகப் பதிக்கிறது. பாதுகாப்பான இடத்தில், துணை இருக்கும்போது, அதே நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அச்சம் ஏறி, பின் தானே இறங்குகிறது. நடந்தது கொடுமை, அதை நினைப்பது ஆபத்தில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிய மூளை கற்றுக்கொள்கிறது.

பயிற்சி அறையில்

இவ்வளவையும் ஒரு கையேட்டில் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். படித்தவருக்கு எல்லாம் புரிந்துவிடும். ஆனால் ஒரு பிள்ளைக்கு எதிரே உட்காரும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. இத்தகைய பயிற்சிகளில் நடிப்புப் பயிற்சிக்குத்தான் அதிக இடம் தருவார்கள். அப்படி ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். பயிற்சி பெறும் இருவரில் ஒருவர் ஆலோசகர். மற்றவர், தாயை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நடிக்கிறார்.

"அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு, ஆன்ட்டி. நான் தூங்கிட்டேன். முழிச்சிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்க. எல்லாம் என்னாலதான்."

"சேச்சே, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"சரி, ஆன்ட்டி."

அதற்கு மேல் பேச்சில்லை. பயிற்சி தருபவர் அங்கே நிறுத்தி, சிறுவனாக நடித்தவரிடம் "அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்கிறார். "இவங்களுக்குப் புரியல, இனிமே சொல்ல வேண்டாம்னு தோணிச்சு" என்று பதில் வருகிறது. ஆலோசகர் சொன்னதில் பொய்யும் இல்லை, அன்புக்கும் குறைவில்லை. ஆனாலும் பிள்ளையின் கதவு சாத்திக்கொண்டது. மறுபடியும் தொடங்குகிறார்கள்.

"நீ தூங்கிட்டதாலதான் அம்மா இறந்துட்டாங்கன்னு உனக்குத் தோணுது. அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் கேக்கலாமா? அம்மாவுக்கு எப்போலேர்ந்து உடம்பு சரியில்ல?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"அன்னிக்கு வீட்டுல வேற யார் யார் இருந்தாங்க?"

"பாட்டி இருந்தாங்க. மாமா வண்டி தேடிப் போனார், கிடைக்கல."

"பாட்டியும் தூங்கிட்டாங்களா?"

"இல்ல. பாட்டி முழிச்சுத்தான் இருந்தாங்க."

இந்த இடத்தில் ஆலோசகர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'பார்த்தாயா, பாட்டி முழித்திருந்தும் காப்பாற்ற முடியவில்லையே' என்று முடித்துவைக்க நாக்கு துடிக்கும். முடித்துவைத்தால் அது ஆலோசகரின் எண்ணமாகிவிடும். சில நொடி பொறுத்தால் பிள்ளையே அங்கே வந்து சேரக்கூடும். அதன் பிறகு ஒரு தாளில் வட்டம் வரையச் சொல்லலாம். அம்மாவின் சாவில் நோய்க்கு எவ்வளவு பங்கு, வண்டி கிடைக்காததற்கு எவ்வளவு, மருத்துவமனை தொலைவில் இருந்ததற்கு எவ்வளவு என்று பிள்ளை கோடு போட்டுப் பிரித்துக்கொண்டே வரும். 'நான்' என்பதைக் கடைசியில் வைப்பார்கள். அப்போது மிஞ்சியிருப்பது ஒரு கீற்றாக இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. பென்சில் முழு நேரமும் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும்.

பயிற்சி பெறுபவர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் வரும். 'பாவம், இப்போதுதான் கொஞ்சம் சிரிக்கிறான். எதற்குப் பழையதைக் கிளற வேண்டும்?' என்று மூச்சுப் பயிற்சியிலேயே வாரங்களைக் கழித்துவிடுவார்கள். பிள்ளையின் நலனைக் கருதுவதுபோலத் தோன்றும். பெரும்பாலும் அதில் ஆலோசகரின் சொந்த அச்சமும் கலந்திருக்கும். நினைவைக் கண்டு பிள்ளை விலகுகிறது. பிள்ளையின் அழுகையைக் கண்டு ஆலோசகர் விலகுகிறார். இதைத் தானே கண்டுகொள்வது மிகக் கடினம். அருகில் இருந்து எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும்.

பட்டறை தராதது

பயிற்சி முறைகளையே சோதனைக்கு உட்படுத்திய ஆய்வுகள் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயன் ஷோலோம்ஸ்காஸ், கேத்லீன் கேரல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 78 சிகிச்சையாளர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் சி.பி.டி. கையேட்டை மட்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கையேட்டோடு இணையவழிப் பயிற்சியும் கிடைத்தது. மூன்றாம் பிரிவினர் பயிற்சி வகுப்புக்குப் போய், அதன்பின் தாங்கள் நடத்திய அமர்வுகளை மேற்பார்வையாளரோடு அலசினார்கள். நடித்துக்காட்டும் சோதனையில் மூன்றாம் பிரிவினரே முந்தினார்கள். கையேடு மட்டும் படித்தவர்கள் பின்தங்கினார்கள்.

2012-இல் ரினாட் பெய்டாஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். குழந்தைகளின் பதற்றத்துக்கான சி.பி.டி.யை 115 சிகிச்சையாளர்களுக்கு மூன்று விதமான ஒருநாள் பட்டறைகளில் கற்றுக்கொடுத்தார்கள். எந்தப் பட்டறைக்குப் போனார்கள் என்பது திறமையில் பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. பட்டறைக்குப் பிறகு மூன்று மாதம் வாரந்தோறும் நடந்த ஆலோசனைக் கூட்டங்களில் எத்தனை மணி நேரம் கலந்துகொண்டார்கள் என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

மிருதங்கம் கற்றவர்களுக்கு இது வியப்பாக இராது. சொற்கட்டை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவருக்கும் வாசிக்கத் தெரிந்தவருக்கும் இடையே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் திருத்திய ஒரு குருவின் ஆண்டுகள் இருக்கின்றன. சி.பி.டி. பயிற்சியும் கேட்பதற்கென்று ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. ஜெஃப்ரி யங்கும் பெக்கும் 1980-இல் உருவாக்கிய மதிப்பீட்டு முறையில் பதினொரு கூறுகள் உண்டு. அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். அமர்வுக்கு ஒரு திட்டம் இருந்ததா, நோயாளி சொன்னது ஆலோசகருக்குப் புரிந்ததா, கேள்விகள் நோயாளியைத் தானே கண்டுபிடிக்கவைத்தனவா, வீட்டுக்குக் கொடுத்த பயிற்சியைத் திரும்பக் கேட்டார்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். மொத்தம் 66. அதில் 40 வந்தால் தேர்ச்சி என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

லுசாகாவில் செய்தது

லுசாகா ஆய்வை வழிநடத்திய லாரா மரேயும், அவரோடு பணியாற்றிவந்த ஷேனன் டார்சியும் இந்தப் பாடத்தை முறையாகவே ஆக்கினார்கள். தொழிலை உடனிருந்து கற்கும் பயிலுநர் முறை என்று அதைச் சொல்லலாம். சுமார் பத்து நாள் நேரடிப் பயிற்சி அதன் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு ஆலோசகர்கள் சிறு குழுக்களாகக் கூடி, ஒவ்வொரு படியையும் ஒருவருக்கொருவர் நடித்துப் பழகுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிள்ளையோடு, நெருக்கமான கண்காணிப்பில் தொடங்குவார்கள். உள்ளூர் மேற்பார்வையாளர் வாரந்தோறும் அவர்களைச் சந்திப்பார். அந்த மேற்பார்வையாளர் வெளிநாட்டிலிருக்கும் பயிற்றுநர்களோடு வாரந்தோறும் தொலைபேசியிலோ இணையத்திலோ பேசுவார்.

இந்தச் சந்திப்புகளில் 'அமர்வு நன்றாகப் போனது' என்ற பதில் செல்லாது. என்ன சொன்னீர்கள், பிள்ளை என்ன சொன்னது, அதற்கு அடுத்து நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வரி வரியாகக் கேட்பார்கள். பிள்ளை தன்னை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினாலோ, வீட்டில் இன்னும் அடி விழுகிறது என்று தெரிந்தாலோ அடுத்த வாரம்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். பட்டம் பெறாதவரின் கையில் இவ்வளவு நுட்பமான வேலையைப் பொறுப்போடு ஒப்படைக்க முடிந்தது இந்தக் கட்டுக்கோப்பால்தான்.

உள்ளூர் ஆட்களுக்கே கற்றுக்கொடுத்ததால் கைமேல் கிடைத்த லாபம் ஒன்றும் உண்டு. உள்ளூர் ஆலோசகருக்கு அந்த ஊரின் துக்கம் தெரியும். யாரிடம் எதைக் கேட்கலாம், இறந்தவரைப் பற்றி எப்படிப் பேச வேண்டும், சித்தப்பாவின் அனுமதி இல்லாமல் எது நடக்காது என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் நிபுணருக்குக் கற்றுக்கொடுத்து வராது.

பிறகு டார்சி குழுவினர் கென்யாவின் பங்கோமாவிலும் தான்சானியாவின் மோஷியிலும், தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த 7 முதல் 13 வயதுக்குட்பட்ட 640 பிள்ளைகளிடம் இதே சிகிச்சையைக் குழுவாக நடத்திப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவுகளின்படி, நகரமும் கிராமமுமாக நான்கு இடங்களில் மூன்றில், சிகிச்சை முடிந்தபோது தெளிவான பலன் இருந்தது. ஓராண்டு கழித்து, கென்யாவின் இரு இடங்களில் மட்டுமே அந்த வேறுபாடு நிலைத்தது. தான்சானியாவில் சிகிச்சை பெறாத பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். வாழ்க்கை நெருக்கடி எங்கே கடுமையாக இருக்கிறது, பிள்ளைகள் எங்கே தாங்களாகவே மீண்டு வருகிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும் என்பதை அந்த முடிவு காட்டியது.

ஈழத்துக் கரையில்

தமிழ் மண்ணிலும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை வடகிழக்கு இலங்கையைத் தாக்கியபோது, ஏற்கெனவே போரில் நொந்திருந்த பிள்ளைகள்மேல் இரண்டாவது பேரிடி விழுந்தது. யாழ்ப்பாணம் மாவட்டத்து மணற்காட்டில், கிளாடியா கட்டானி குழுவினரின் ஆய்வில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளில் உதவினார்கள். ஒரு பிரிவினருக்கு, வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைக்கும் முறை. தரையில் ஒரு கயிற்றை விரித்து, நல்ல நிகழ்வுக்கு ஒரு பூ, கொடிய நிகழ்வுக்கு ஒரு கல் என்று வைத்துக்கொண்டே போய், கல் இருக்கும் இடங்களில் நின்று நிதானமாகப் பேசுவது அதன் வழக்கம். மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமான தியானமும் ஏறக்குறைய அதே அளவு கைகொடுத்திருப்பது, உள்ளூர் வழக்கங்களை மதித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு சிறு சான்று.

அதே வடக்கில் எச்சரிக்கையும் கிடைத்தது. விட்சே டோல் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 399 பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு சி.பி.டி. உத்திகளும் விளையாட்டும் கலையும் கலந்த 15 அமர்வுகள் வகுப்பறையில் நடத்தப்பட்டன. சில பிள்ளைகளுக்குச் சில வகையில் பலன் இருந்தது. ஆனால் மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை, அமர்வுகளுக்கு வந்த பெண் பிள்ளைகள், தங்கள் முறைக்காகக் காத்திருந்த பெண் பிள்ளைகளைவிடக் குறைவாகவே தேறினார்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் எல்லாமே நன்மையில் முடிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்கு எது தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், பிள்ளை தேறுகிறதா என்று தொடர்ந்து அளந்து பார்ப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

இந்த ஆய்வுகளை வரிசையாகப் படிக்கும்போது எனக்கு ஒரு நம்பிக்கை உறுதிப்படுகிறது. துயருற்ற பிள்ளைகளுக்கு உதவும் ஆற்றல் அரிய பிறவிக் கொடை அல்ல. பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால் ஆசிரியருக்கும், சுகாதாரப் பணியாளருக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வரும். ஆனால் அந்தப் பொறுமைக்குச் செலவு உண்டு. பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுப்பது எளிது, புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும், ஆண்டு முழுவதும், ஒவ்வொரு ஆலோசகரின் பேச்சையும் கேட்க ஒருவரை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பதுதான் கடினம். திட்டங்களின் வரவுசெலவில் முதலில் வெட்டுப்படக்கூடியது அதுவே.

ஆகவே, பிள்ளைகளின் மனநலத்துக்கென்று ஓர் அரசோ அமைப்போ திட்டம் அறிவிக்கும்போது, எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள் என்று கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பயிற்சி முடிந்த அடுத்த வாரம் அவர்களோடு உட்காரப்போவது யார், அதற்கு அடுத்த வாரம் யார் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் இருக்கிற திட்டமே பிள்ளைகளைச் சென்று சேரும்.